கேள்விப்பத்திரத்தில் ஒரு வரியாகப் போகும் வால்வு: யாழ்ப்பாணத்துப் பதனிடல் நிலையங்களின் நெறியாளர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்கள், நெறியாளர்கள், பொது முகாமையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பால், தயிர், யோகட், நெல்லிரசம், மாம்பழப் பானம், போத்தல் கள்ளு, நல்லெண்ணெய் என்று குழாய் வழியே உணவு ஓடும் நிலையங்களைக் குடாநாட்டில் நடத்துகிறவர்கள் நீங்கள். புதிதாக ஒரு தாங்கியோ, பாலைச் சூடாக்கிக் கிருமி கொல்லும் பாஸ்டரைசரோ வாங்கப் போகும்போது உங்கள் மேசைக்கு வரும் கேள்விப்பத்திரத்தில் (ரெண்டர் ஆவணத்தில்) தாங்கிக்கு அரைப் பக்கம் இருக்கும், குளிரூட்டிக்கு ஒரு பக்கம் இருக்கும், மோட்டருக்கு நாலைந்து வரி இருக்கும். வால்வுக்கு ஒரே வரிதான்: “ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் வால்வு, 2 அங்குலம், தேவையான அளவு.” அந்த வரியை மாற்றி எழுதும்படி கேட்கவே இந்த மடல்.

வரி அப்படி இருந்தால் விலைமனுப் போடுகிறவர் ஆகக் குறைந்த விலைக்கு வருவதைத்தான் தருவார். அது புரி வெட்டிய போல் (ball) வால்வு. வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு அருமையான சாமான், பாலுக்கு ஆகாது. பழைய போல் வால்வு ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். நடுவில் துளை போட்ட ஓர் உருண்டை, அதன் இரு பக்கமும் வெள்ளை டெஃப்லோன் வளையம், உருண்டையின் முதுகுக்கும் வால்வின் உடலுக்கும் நடுவே சுற்றிவர ஒரு வெற்றிடம். கைபிடியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் துளைக்குள் நின்ற பாலில் கொஞ்சம் அந்த வெற்றிடத்துக்குள் போய்ச் சேரும். கழுவும் நேரத்தில் வால்வு முழுதாகத் திறந்து கிடப்பதால் கோஸ்டிக் சோடாக் கரைசல் துளை வழியே நேராக ஓடிவிடும். முதுகுப் பக்கம் எட்டியும் பார்க்காது. எங்கள் ஊர் இரவு வெக்கையில் அங்கே தேங்கிய பாலுக்குள் பக்டீரியா அரை மணித்தியாலத்துக்குள்ளேயே இரட்டிக்கும். மறுநாள் காலை முதற் பால் ஓடும்போது அந்த விளைச்சல் முழுவதும் அதனோடு போகும். வெற்றிடத்தை டெஃப்லோனால் அடைத்த போல் வால்வும் விற்கிறார்கள். இடைவெளி அதில் குறையும், இல்லாமல் போகாது. புரியின் பள்ளங்களிலும், அதில் சுற்றிய நாடாவிலும் பால் ஊறி நிற்பது வேறு கதை. பித்தளை வால்வு இன்னும் மோசம்: கோஸ்டிக்கும் அமிலமும் அதை அரிக்கும், கரையும் செம்பு பாற்கொழுப்பைக் காறல் எடுக்க வைக்கும்.

பால் கெட்டு வந்தால் வழக்கமாகக் குற்றம் பண்ணையாளர் மேலேதான் விழுகிறது. குற்றம் யாருடையது என்று பார்க்க இரண்டு பரிசோதனை காணும். பாஸ்டரைஸ் செய்த பாலில் பொஸ்பற்றேஸ் பரிசோதனை (அந்தச் சூட்டில் அழியும் ஒரு நொதி மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது) சரியாக வந்து, கோலிபோம் (அந்தச் சூட்டில் சாகும் கிருமி வகை) மட்டும் இருக்கிறதென்றால், பால் வேண்டிய அளவு சூடாகியிருக்கிறது. கிருமி அதற்குப் பிறகு புகுந்திருக்கிறது. அதன் பிறகு பால் தொடும் இடங்கள் குளிராக்கி, இடைத்தாங்கி, அவற்றின் வால்வுகள், கஸ்கெற்றுகள் (மூட்டுகளில் இடும் றப்பர் வளையங்கள்), நிரப்பும் இயந்திரம் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாதிரி எடுத்தால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் பால் கொண்டுவந்தவரின் கலனைத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை.

பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடம் வைத்துப் பாஸ்டரைஸ் செய்யும் தொட்டி முறைதான் சிறிய நிலையங்களுக்குத் தோதானது. அந்தத் தொட்டியின் அடி வால்வுதான் ஆகக் கவனமாக வாங்கவேண்டிய ஒன்று. நடைமுறையில் ஆகக் கவனக்குறைவாக வாங்கப்படுவதும் அதுதான். தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் நீண்டு, அதன் நுனியில் வால்வு இருந்தால், நடுவில் நிற்கும் பால் கலக்கியின் சுழற்சிக்கு அகப்படாது, சூடும் ஏறாது. 2 அங்குலக் குழாயில் 30 சென்ரிமீற்றர் நீளம் என்றால் அரை லீற்றருக்கு மேல் பச்சைப் பால். தொட்டிக்குள் 30 நிமிடம் முடிந்து வால்வைத் திறந்ததும் முதலில் வெளியேறி, பின்னால் வரும் முழுப் பாலையும் கெடுப்பது இந்த அரை லீற்றர்தான். தொட்டியின் அடித்தளத்தோடு மட்டமாக அடைக்கிற வால்வு வேண்டும். அதில் கசிவு காட்டும் துவாரமும் இருந்தால் நல்லது. அது வரும்வரை, சூடாக்கும் நேரத்தில் இரண்டு மூன்று தடவை அடியிலிருந்து சில லீற்றர் எடுத்துத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றி, கடைசித் தடவை ஊற்றிய பிறகு 30 நிமிடத்தை எண்ணத் தொடங்குங்கள். இது தற்காலிக ஒட்டுத்தான்.

72 பாகையில் 15 செக்கன் ஓடவிடும் தொடர் பாஸ்டரைசரில் உயிர்நாடி திசைதிருப்பும் வால்வு. சூடு குறைந்தால் அது பாலைத் திரும்பச் சமநிலைத் தாங்கிக்கு (பாஸ்டரைசருக்குப் பால் ஊட்டும் தாங்கிக்கு) அனுப்பவேண்டும். மின்சாரம் போனாலும் அமுக்கக் காற்று நின்றாலும் உள்ளிருக்கும் சுருள்வில் அதைத் திருப்பி அனுப்பும் பக்கமே தள்ளவேண்டும். வாங்கும் நாளில் இதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள், பிறகு மின்னை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் பால் முன்பக்கம் போகக்கூடாது.

மற்ற இடங்களுக்கு அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பால், மோர், மெல்லிய சாறு ஓடும் குழாயில் சனிற்றரி பட்டர்பிளை வால்வு காணும்: ஒரு தட்டு, ஒரு றப்பர் வளையம், இரண்டு துண்டு உடல், பத்து நிமிடத்தில் கழற்றிப் பூட்டலாம். (ஊர்க் கடையில் ‘சனிற்றரி’ என்று மட்டும் கேட்டால் குளியலறைச் சாமானைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், ‘உணவு ஆலைக்கானது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.) நார் கூடிய மாம்பழக் கூழுக்கு அது தோதுப்படாது, நார் தட்டில் சுற்றிக்கொண்டு முழுதாக மூட விடாது. கூழுக்கு சீற் வால்வு (தண்டின் நுனியிலுள்ள அடைப்பு நேராக இறங்கி வாயை மூடும் வகை) வேண்டும். சர்க்கரைப் பாகு ஓடும் இடத்தில் தண்டின் வளையத்தைச் சீக்கிரம் மாற்றவேண்டி வரும், காய்ந்த பாகு மணல் போலத் தேய்க்கும்.

பாலும் கழுவும் கரைசலும் ஒரே நேரத்தில் சந்திக்கக்கூடிய இடத்தில் ஒற்றை வால்வை நம்பவே கூடாது, அது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் சரி. ஒரு றப்பர் வளையம் கிழிந்தால் கோஸ்டிக் பாலுக்குள் போகும். பெரிய ஆலைகள் அதற்கு டபிள் சீற் வால்வு போடுகின்றன. இரண்டு அடைப்பு, நடுவே வெளிக்காற்றுக்குத் திறந்த ஓர் அறை. எந்த அடைப்புக் கசிந்தாலும் நடுத் துவாரத்தால் நிலத்தில் சொட்டும், மற்றப் பக்கத்துக்குப் போகாது. நிலம் நனைகிறது என்று அந்தத் துவாரத்தைக் கட்டை வைத்து அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை அடைத்தால் அந்த வால்வுக்குக் கொடுத்த காசெல்லாம் வீண். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் லீற்றர் கையாளும் எங்கள் நிலையங்களுக்கு இந்த வால்வே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. சுவரில் ஒரு தட்டு, அதில் குழாய் முனைகள், நடுவே கழற்றி மாட்டும் ஒரு வளைகுழாய்: வளைகுழாய் பால் பக்கம் மாட்டியிருந்தால் கழுவும் பக்கம் இணைப்பே இல்லை. ஏமாற்ற முடியாத முறை, விலையும் மிகக் குறைவு. நன்கொடையாக வரும் திட்டங்களில் தானியங்கி வால்வுகளை அடுக்கிவிட்டு, அடுத்த வருடம் ஒரு வளையத்துக்குக் கொழும்புக்கும் அப்பால் எழுதிக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி கஸ்கெற். கறுப்பு றப்பர் எல்லாம் ஒன்றல்ல. ஈபிடிஎம் என்பது சூடான தண்ணீர், நீராவி, கோஸ்டிக், அமிலம் எல்லாவற்றையும் தாங்கும்; கொழுப்பையும் எண்ணெயையும் தாங்காது. பாலுக்குப் பரவாயில்லை. நெய்யிலும் நல்லெண்ணெயிலும் அது ஊதிப் பெருத்து, வால்வைத் திருப்பவே முடியாமல் பண்ணும். என்பிஆர் எண்ணெய்க்கு நல்லது, நீராவிக்கும், கிருமி கொல்லப் பாவிக்கும் பெரசெற்றிக் அமிலத்துக்கும் ஆகாது. சூடான நெய்க்கு எஃப்கேஎம் வேண்டும்; ஆனால் அதன் சாதாரண ரகம் நீராவியிலும் சூடான கோஸ்டிக்கிலும் நாள்பட நிற்காது. சிலிக்கோனும் சூடான கோஸ்டிக்கில் கெடும். வெள்ளை டெஃப்லோன் எல்லாம் தாங்கும், ஆனால் அதற்கு மீளும் தன்மை இல்லை: சூடேறிக் குளிர்ந்ததும் தளர்ந்து கசியும், திரும்ப இறுக்கவேண்டி வரும். ஆகவே எந்த வால்வில் எந்த றப்பர் என்று எழுதி வையுங்கள்.

ஒரு பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லவேண்டும். வளையம் இறுகினால் வசிலீன் பூசுவது. வசிலீன் கல்லெண்ணெயில் இருந்து வருவது. ஈபிடிஎம்மை அது ஊத வைக்கும். இலகுவாகப் பூட்டத்தான் பூசுகிறார்கள், இரண்டு கிழமையில் வளையம் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி நிற்கும். உணவுத் தர எச்1 (தற்செயலாக உணவில் பட்டாலும் பாதகமில்லாத வகை) சிலிக்கோன் கிறீஸ் மட்டும், அதுவும் பளபளக்கிற அளவுக்கு மெல்லிசாக.

குழாய் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பைக் குறடு போட்டு இறுக்குவதும் அப்படித்தான். கஸ்கெற் நசுங்கி உள்ளே வரம்பு போலத் துருத்திக்கொண்டிருக்கும், அதன் அடியில் பால் கட்டும். கையால் இறுக்கியும் கசிந்தால் கஸ்கெற் பிழை, அல்லது இரு முனையும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இன்னொரு கண்ணி: 1 அங்குலக் கிளாம்ப் முனைக்கும் 1½ அங்குல முனைக்கும் விளிம்பு ஒரே அளவு, 50.5 மில்லிமீற்றர். 1 அங்குலக் கஸ்கெற்றை 1½ அங்குலக் குழாயில் போட்டால் கிளாம்ப் அழகாகப் பூட்டுப்படும், வெளியில் ஒரு குறையும் தெரியாது. உள்ளே குழாயின் வாயில் சுற்றிவர ஆறேழு மில்லிமீற்றருக்கு றப்பர் நீட்டிக்கொண்டு நிற்கும். பூட்ட முன் விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவினால் பிடிபட்டுவிடும்.

அளவு பற்றிப் பேசினால் ‘2 அங்குலம்’ என்ற சொல்லே பாதிப் பிரச்சினை. அங்குல முறையில் குழாயின் வெளிவிட்டம் 50.8 மில்லிமீற்றர், உள்விட்டம் 47.5. ஜேர்மன் டிஐஎன் முறையில் 50 என்று வருவது வெளியே 53, உள்ளே 50. சுவீடன் எஸ்எம்எஸ் முறையில் 51. ஒரு திட்டத்தில் இந்தியாவில் இருந்து வந்த தாங்கி, இன்னொன்றில் ஐரோப்பிய இயந்திரம், வால்வு வேறெங்கோ இருந்து. இவற்றை அப்படியே ஒட்டினால் மூட்டில் சுற்றிவர ஒரு மில்லிமீற்றருக்கு மேல் படி விழும். கிடைக்குழாயின் அடியில் அந்தப் படி ஒரு வரம்பு. பின்னால் எப்போதும் ஒரு குட்டை நிற்கும். நிலையம் முழுவதற்கும் ஒரே முறையைத் தெரிவு செய்யுங்கள். எது என்பது முக்கியமில்லை, மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

தண்ணீருக்கு வருவோம், ஏனென்றால் இதை வெளியூர் விற்பனையாளர் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் வால்வின் இருக்கையிலும் (அடைப்பு வந்து பொருந்தும் இடத்திலும்) படியும். வன்னீரில் கோஸ்டிக்கைக் கரைத்தவுடன் சுண்ணாம்பு பிரிந்து வெண்மையாக இறங்கும். பாலின் உப்பும் அதோடு சேர்ந்தால் பாற்கல். அந்தச் சொரசொரப்பில் றப்பர் உரசிக் கிழியும். ஆகவே மென்னீராக்கிய தண்ணீரில் கழுவுங்கள், முடியாவிட்டால் சுண்ணாம்பைக் கட்டிப்பிடிக்கும் சேர்மானம் கலந்த கோஸ்டிக் வாங்குங்கள். வேறு ஊரில் கிழமைக்கு ஒருமுறை போதுமான அமிலக் கழுவல் இங்கே நாளாந்தம் தேவைப்படலாம். இருக்கையை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் குழாயில் ஓட்டுகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

கரையோரத்துச் சவர்த் தண்ணீரில் இன்னொரு வில்லங்கம் குளோரைட்டு. 304 ரக ஸ்ரீலில் அது ஊசி முனையளவு குழி விழுத்தும். மேலே சின்னக் கறள் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாக ஓடியிருக்கும். 316எல் ரகத்தில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் கூடுதலாக நிற்கும். காந்தம் வைத்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது. மொலிப்டினத் துளிப் பரிசோதனையோ வார்ப்பாலைச் சான்றிதழோ (ஸ்ரீலை உருக்கிய ஆலை தருவது) வேண்டும். குளோரின் தண்ணீரை இரவு முழுவதும் குழாய்க்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போவது 316எல்லையும் தின்னும். கழுவி முடித்து, காலையில் ஓட்டுவதற்குச் சற்று முன் குளிர்ந்த நிலையில் போட்டு, வடித்துவிடுங்கள். குளோரினும் அமிலமும் ஒருநாளும் ஒன்றுசேரக் கூடாது, எழும்பும் வாயு ஆளைக் கொல்லும்.

கழுவும் ஒழுங்கு உங்களுக்குத் தெரிந்ததே: 35 முதல் 45 பாகைத் தண்ணீரில் முதல் அலசல் (கொதிநீர் முதலில் போனால் புரதம் அவிந்து ஒட்டும்), 1 முதல் 2 வீதக் கோஸ்டிக் 70 முதல் 80 பாகையில் ஒரு கால் மணித்தியாலம், அலசல், 0.5 முதல் 1 வீத நைத்திரிக் அமிலம் 60 பாகையளவில் பத்து நிமிடம், கடைசி அலசல். ஆனால் வேகம் இல்லாவிட்டால் இவ்வளவும் வெறும் ஊறப்போடல். குழாய்க்குள் செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகம் வேண்டும். அதை அளக்க மீற்றர் தேவையில்லை, 20 லீற்றர் வாளியும் கைத்தொலைபேசியும் காணும். 1½ அங்குலக் குழாயானால் வாளி 14 செக்கனுக்குள் நிரம்பவேண்டும். 2 அங்குலத்துக்கு ஏழரைச் செக்கன். பால் பம்பியையே கழுவவும் பாவித்தால் பெரும்பாலும் இந்த வேகம் வராது; தனிப் பம்பி தேவை. கழுவும்போது ஒவ்வொரு வால்வையும் சில தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். மூடியே கிடந்த வால்வின் இருக்கை கழுவப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

அரிட்டம், பாணிமருந்து செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக: உங்களுக்கு டயபிரம் வால்வு. தண்டு திரவத்தைத் தொடாது, இடையில் ஒரு றப்பர்த் தோல்தான். அதைக் கிடைக்குழாயில் நிமிர்த்திப் பூட்டினால் நடு வரம்பின் பின்னால் திரவம் தேங்கும். உற்பத்தியாளர் உடலில் குறித்திருக்கும் சரிவுக் கோணத்தில் சாய்த்துப் பூட்டவேண்டும். கிளைக்குழாயின் நீளம் அதன் உள்விட்டத்தின் இரண்டு மடங்குக்குள் இருக்கட்டும், 1 அங்குலக் குழாய்க்கு ஏறக்குறைய 44 மில்லிமீற்றர். 121 பாகை நீராவியில் முதன்முறை சூடாக்கிக் குளிர்ந்ததும் தலைப்பகுதி திருகாணிகளைத் திரும்ப இறுக்க மறக்கவேண்டாம்.

சரி, அந்த ஒரு வரிக்குப் பதிலாக என்ன எழுதுவது? இதை அப்படியே எடுத்துப் பாவிக்கலாம்:

“உணவு தொடும் பாகங்கள் 316எல்; வார்ப்பாலையின் 3.1 வகைச் சான்றிதழ் இணைக்கப்படவேண்டும். உணவு தொடும் மேற்பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீற்றருக்கு மேற்படக்கூடாது. புரி இணைப்புகள் ஏற்கப்படா. கிளாம்ப் அல்லது வெல்டிங் முனை மட்டும், நிலையத்தின் தற்போதைய குழாய் முறைக்கு ஒத்ததாக. ஒவ்வொரு வால்வின் றப்பர் வகையும் அது உணவுத் தொடர்புக்கு உகந்தது என்ற சான்றும் குறிப்பிடப்படவேண்டும். பூட்டிய நிலையில் முழுதாக வடியவேண்டும். ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு முழு வளையத் தொகுதிகள், பாக இலக்கத்துடன், இதே விலைக்குள் வழங்கப்படவேண்டும். வெல்டிங் உட்புறம் ஆர்கன் வாயு விட்டுச் செய்யப்படவேண்டும். வால்வின் உட்பாகங்கள் கழற்றப்பட்ட பின்னரே முனைகள் வெல்டிங் செய்யப்படவேண்டும்.”

ஈஎச்ஈடிஜி, 3-ஏ (ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவு இயந்திரங்களின் சுகாதாரத் தரத்துக்குச் சான்று கொடுக்கும் அமைப்புகள்) என்ற பெயர்களை விலைமனுவில் கண்டால் சான்றிதழ் இலக்கத்தைக் கேளுங்கள். இரண்டு அமைப்புகளும் சான்று பெற்றவற்றின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. ‘3-ஏ மாதிரி’ என்று எழுதியிருந்தால் அது சான்றில்லை. ஆர்கன் விடாமல் செய்த வெல்டிங் உள்ளே சீனி கருகியது போலக் கறுத்துச் சொரசொரத்திருக்கும். கைத்தொலைபேசி விளக்கை உள்ளே பிடித்தாலே தெரியும். கண்டால் பணம் விடவேண்டாம்.

வாங்கிய பிறகு ஒரு கொப்பி போடுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் இலக்கம், றப்பர் வகை, கடைசியாக வளையம் மாற்றிய திகதி. பாஸ்டரைசருக்குப் பின்னால் இருப்பவற்றின் வளையத்தை, கிழியும்வரை பார்த்திராமல் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். சூடான பக்கத்தில் அதற்கு முன்னரே தேவைப்படும். காற்றில் இயங்கும் வால்வைக் கழற்றும் பணியாளருக்கு ஒரு விடயம் கட்டாயம் சொல்லவேண்டும்: உள்ளே இருப்பது அமுக்கி வைத்த சுருள்வில். கைநூலில் சொன்னபடி முதலில் காற்றுக் கொடுத்துத் தண்டைத் தூக்கிவிட்டுத்தான் கிளாம்பை எடுக்கவேண்டும், காற்று இருக்கும்வரை உள்ளே விரல் வைக்கக் கூடாது. சுருள்வில் இருக்கும் இயக்கியின் உருளையை ஒருபோதும் வெட்டித் திறக்க வேண்டாம்.

அடுத்த கேள்விப்பத்திரத்துக்குக் கையொப்பமிட முன் ஒரேயொரு வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். நிரப்பும் இயந்திரத்துக்குக் கிட்ட இருப்பது. நேற்றிரவு கழுவி முடித்து, இன்று காலை இன்னும் ஓட்டத் தொடங்காத நேரத்தில். கீழே வாளி வைத்து, கழற்றி, முதலில் மணந்து பாருங்கள். பிறகு வளையத்தைப் பள்ளத்திலிருந்து எடுத்து, அந்தப் பள்ளத்தை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணியை நெறியாளர் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இங்ஙனம்,
வடக்கில் பால், பானப் பதனிடல் இயந்திரங்களைப் பூட்டிப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர்கள்
யாழ்ப்பாணம்